முதல் வெட்டு எங்க வூட்டு மொறை

அந்த பெஞ்சுல குந்தாத சார், ஒழுவும். மேல கூரை மாதிரி ஒண்ணு போட்டுக்கீறாங்களே, அது அழகுக்குப் போட்டது, மழைக்கில்ல. நீ உள்ள வா. வாட்ச்மேன் ரூமு சின்னதுதான், ரெண்டு பேரு தாராளமா இருக்கலாம். அந்த ஸ்டூல இஸ்துப் போட்டுக்கோ. செருப்ப வெளிய வுடாத, அடிச்சிகினு போய்டும்.

அத்த தொடாத. அந்த மம்மட்டியத்தான் சொல்றேன். ஒண்ணுமில்ல, சாச்சி வெச்சிக்கீறேன், மேல வுழுந்துரும்னு சொன்னேன்.

வாக்கிங்கா? இந்த மழையில யாரு சார் வாக்கிங் வருவாங்கோ. ஊருக்குப் புதுசா? அப்போ பார்க்கப் பாக்க வந்துக்கீற. எல்லாரும் வர்றாங்கோ. போட்டோ புடிக்கிறாங்கோ. அன்னிக்கி காலேஜ் பசங்க ஒரு பஸ்ஸு வந்து எறங்கி, இது கரையா பார்க்கா அங்கிள்னு கேட்டுதுங்க. ரெண்டும்தான்னேன். கீழ கல்லு, மேல புல்லு. கடலு பொங்குனா தடுக்கும், பொங்காத நாள்ல கொழந்தைங்க வெளையாடும். எங்க சூப்பர்வைசரு பிரதாப் சார் அப்டித்தான் சொல்லச் சொல்லிக் குடுத்துக்கீறாரு.

எம் பேரு பாளையம். நண்டுமேட்டுக் குப்பம். இந்தாண்ட பக்கம் திரும்பு, கடல் பக்கம் இல்ல, உள்பக்கம். பள்ளத்துல ஷீட்டும் ஓடும் மாடியுமா தெரியுதே, அதான். கடலுக்கும் எங்க குப்பத்துக்கும் நடுவுலதான் இந்தக் கரை. முன்னல்லாம் வாசப்படியில குந்திகினு கடலப் பாக்கலாம். இப்ப படி ஏறி வந்து பாக்கணும். பாத்தா இன்னா, பாக்காட்டி இன்னா, கடலு எங்க போய்டப் போவுது.

ஒரு விசயம் மொதல்ல சொல்லிடறேன். போன வருசம் அவ்ளோ பெரிய புயலு. கடல் தண்ணி ஒரு சொட்டு உள்ள வரல. ஒரு சொட்டு. குப்பத்துல யாரு எங்கள பத்தி இன்னா சொன்னாலும், இத்த யாராலயும் இல்லன்னு சொல்ல முடியாது.

மணி இன்னா ஆச்சு? சோறு வர்ற நேரம். எம் பொண்ணு சுகன்யா கொண்டாரும். இங்கயே குப்பத்துலதான் கட்டிக் குடுத்துக்கீறேன். தெனம் கேரியர எடுத்துகினு வந்து, அதோ கேட்ல கொக்கி தெரியுது பாரு, அதுல மாட்டிட்டுப் போய்டும். பேசாது. போன வருச மழையிலேர்ந்து எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. கேரியர மாட்டும், பழைய கேரியர எடுக்கும், போய்டும். மொகத்தக் கூட பாக்காது. ஆனா சோறு ஒரு நாளும் நின்னதில்ல. கொழம்பு அப்டியே அவங்கம்மா கை. உப்பு, புளி எல்லாம் கரெக்டா இருக்கும். பேசாட்டி போவுது, சோறு வருதில்ல?

நீயே சொல்லு சார், நான் எந்தத் தப்பும் பண்ணல. கேளு, கேட்டுட்டு சொல்லு. மழ வுடற வரைக்கும் நீயும் எங்கயும் போவ முடியாது.

குப்பத்துக்குப் பின்னால ஒரு ஓடை கீது. டவுன் தண்ணி மொத்தமும் அதுலதான் வரும். வந்து இங்க கடல்ல சேரணும். கோடையில கடலு மண்ணத் தள்ளித் தள்ளி ஓட வாய அடச்சிரும். ஐப்பசியில மழ புடிச்சா தண்ணி போவ வழி இருக்காது, குப்பத்துக்குள்ள ஏறும். அப்ப ஊரே கூடி மண்ண வெட்டி வாயத் தொறந்து வுடணும். வாய் வெட்றதுன்னு சொல்லுவோம். அப்பன் பாட்டன் காலத்துலேர்ந்து அப்டித்தான். வெட்டி வுட்டா போதும், தண்ணி தானே வழிய அகலமாக்கிகினு சர்ருனு கடலுக்குப் போய்டும்.

அதுல முதல் வெட்டு எங்க வூட்டு மொறை. எங்க தாத்தா, எங்கப்பா, அப்பால நான். கடல்ல முங்கி எழுந்து, ஈரத் துணியோட வந்து நிக்கணும். மம்மட்டிய எங்க வூட்டு ஆளுதான் எடுத்துக் குடுக்கணும், நானா எடுக்கக் கூடாது. அவ்ளோ நாளும் எம் பொஞ்சாதி தேசம்மாதான் எடுத்துக் குடுக்கும். வாங்கிகினு, கடலப் பாத்து, அம்மா வழி வுடுன்னு சொல்லி ஒரு வெட்டு. அவ்ளோதான். அப்பால ஊரே பாயும். நான் வெட்றதுக்கு முன்னால எவனும் கைய வெக்க மாட்டான். வெச்சா அந்த வூட்டுல ஒரு ஆள கடலு கேட்டு வாங்கிக்கும்னு பேச்சு. உண்மையோ பொய்யோ, எவனும் வெச்சிப் பாத்ததில்ல. அந்த மம்மட்டிதான் இது. கடப்பாக் கல்லுல பட்டு மூக்கு கொஞ்சம் மழுங்கிடுச்சு. இப்ப செடிக்கு மண்ணு அணைக்க வெச்சிக்கீறேன். அரளிச் செடி பாத்தியா கேட்டாண்ட? நான் வெச்சதுதான்.

இந்தக் கரை வரப்போவுதுன்னு சொன்னப்போ கல்யாண மண்டபத்துல கூட்டம் போட்டாங்கோ. ஸ்கிரீன் கட்டி படம் காட்னாங்கோ. படத்துல ஒரே புல்லு, பலூன் வெச்சிகினு கொழந்தைங்க, சைக்கிள்ல போற வெள்ளக்காரி மாதிரி ஒரு பொண்ணு. கேக்க வேண்டியத கேளுங்கன்னாங்கோ. ஆம்பளைங்க எல்லாரும் கம்முனு குந்திகினு கீறோம், தேசம்மா எழுந்துகிச்சு. கடலு வராது, சரி, மழத்தண்ணி எங்க போவும்னு கேட்டுச்சு. எனக்கு மானமே போச்சு. குந்துடி, பெரியவங்க பேசிகினு கீறாங்கன்னு முந்தானியப் புடிச்சி இஸ்தேன். படம் காட்ன இஞ்சினியரு ஒண்ணும் கோவிச்சிக்கல, நல்ல மனுசன். கரைக்கு அடியில கொழா போட்டு, ஷட்டர் வெக்கறோம்மா, கடலு ஏறுனா எறக்குவோம், மழ பேஞ்சா தூக்குவோம், பட்டனத் தட்டுனா போதும்னாரு. எல்லாரும் கை தட்னாங்கோ. நானும் தட்னேன். அது தட்டல. அவ கதை எப்பவுமே அப்டித்தான், ஒரு காரியத்துல நல்லத பாக்கத் தெரியாது.

கட்டி முடிச்சி, குப்பத்துல ஒருத்தருக்கு வாட்ச்மேன் வேல தர்றோம்னாங்கோ. பஞ்சாயத்துல ஒரே பேச்சா எம் பேரச் சொன்னாங்கோ. பாளையம் இருக்கட்டும், வாய்க்காரன் காவலுக்கு இருந்தா வாயி நம்ம கையில இருந்த மாதிரின்னு எம் மச்சான் நாகூரான் சொன்னான். தேசம்மாவோட தம்பி. அவனே கூட்டிகினு வந்து வுட்டான். சும்மா கெடைக்குமா சார் அந்த மருவாத? இன்னிக்கி அதே நாகூரான் எதுருல வந்தா சந்துல திரும்பிப் போறான்.

பிரதாப் சாரு மொத நாளே சொன்னாரு. பாளையம், மூணே விசயம். புல்லுல ஏறுனா விசில் ஊது. கரையில ஒரு புடி மண்ண எவனும் நோண்டக் கூடாது. எம் பேச்சு இல்லாம ஷட்டர்ல கைய வெக்காத. சரி சார்னேன். சரின்னா சரிதான், அப்பால நான் மாறமாட்டேன். கடல்ல இருந்தப்போவும் அப்டித்தான், வல போடுன்னா போடுவேன், வாங்குன்னா வாங்குவேன்.

புயலு வந்த அன்னிக்கி காலையிலேயே கடலு கறுத்துப் போயி ஏறிகினு வருது. பிரதாப் சாரு போன் பண்ணாரு. ஷட்டர எறக்குன்னாரு. எறக்குனேன். அப்பால நின்னு பாத்தேன் சார். அலை வருது, கல்லுல மோதுது, எகிறுது, திரும்பிப் போவுது. ஒரு சொட்டு உள்ள வரல. கரை கட்றதுக்கு முன்னால ஒரு புயல்ல எங்க வூட்டுக்குள்ள முட்டி வரைக்கும் ஏறுன கடலு, இன்னிக்கி வெளியவே நின்னுகினு கத்துது. எனக்கு எப்டி இருந்துச்சி தெரியுமா? நெஞ்சு நிமிந்து போச்சி. தேசம்மாவ கூட்டியாந்து காட்டணும்னு இருந்துச்சி. எங்க காட்டறது? அதுக்கு முந்தின வருசமே அதுக்கு எடது கை காலு இஸ்துகிச்சு. கட்டில்லதான். பேச்சும் பாதி கொழறும். சுகன்யாதான் வந்து வந்து பாத்துகிச்சு.

கரெண்ட்ட கட் பண்ணிட்டாங்கோ. புயல்னா பண்ணத்தான செய்வாங்கோ, கம்பி அறுந்து எவனாவது செத்தா? அப்பால புடிச்சிது பாரு மழ. அடி ஆத்தாடி! ஊத்து ஊத்துன்னு ஊத்துது. ஓட பொங்கிருச்சி. டவுன் தண்ணி எல்லாம் வந்து எங்க குப்பத்துல நிக்குது. போவ எடமில்ல, ஷட்டர் எறங்கிக் கீது. தூக்கலாம்னா பட்டனுக்கு கரெண்ட் இல்ல. பிரதாப் சாருக்குப் போட்டா போனு போவல. டவரு படுத்துகிச்சு. நான் இன்னா பண்ணுவேன்? இங்கயே குந்திகினு, மறுபடி மறுபடி போட்டுகினு இருந்தேன். இங்க மேல சுத்தமா ஈரமே இல்ல சார், ரூமுக்குள்ள. நல்லா கட்டிக்கீறாங்கோ.

மதியம் சோத்து நேரத்துக்கு குப்பமே ஏறி வந்துச்சி. இடுப்பு வரைக்கும் சேறு. கையில மம்மட்டி, கடப்பாற, மண்ணு அள்ற பாண்டு. அதோ சறுக்கு மரம் கீது பாரு, ஊஞ்சலு, அந்த எடத்துக்கு நேரா போய் நின்னாங்கோ. பழைய வாயி அதான். அந்த எடத்துல மட்டும் கல்லு போடல, கொழந்தைங்க வுழுந்தா அடி படக்கூடாதுன்னு மண்ணும் புல்லும்தான். கட்றப்போ நானும் பாத்தேன், அவங்களும் பாத்தாங்கோ.

நாகூரான் எங்கிட்ட வந்தான். மாமா, கடலு எறங்கிடுச்சி, பாரு, வெட்டிட்டா ஒரு மணி நேரத்துல வடிஞ்சிரும். வா, வந்து ஒரு வெட்டு போடு, மீதிய நாங்க பாத்துக்கறோம்னான்.

கடலு எறங்கித்தான் இருந்துச்சி. நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஆர்டரு வரல. டேய், இது பழைய மணல் மேடில்லடா, கவுருமெண்டு கரை, நோண்டுனா உள்ள தூக்கி வெப்பான்டான்னேன். வெச்சா எல்லாரும் சேந்து போலாம் மாமான்னான். பேச நல்லாத்தான் இருக்கும். பதில் சொல்றவன் யாரு? யூனிபாரம் போட்டவன்தான? போன் வரட்டும், வந்தவொடனே பாக்கலாம்னேன்.

அப்பதான் சுகன்யா வந்துச்சி. இந்த மம்மட்டிய தலைக்கு மேல புடிச்சிகினு, தொப்பறையா நனஞ்சி வருது. எங்கிட்ட நீட்டுச்சு. அம்மா குடுத்தனுப்பிச்சிப்பா, கட்டில நாலு கல்லு வெச்சி தூக்கிக்கீறோம், தண்ணி கட்டில் சட்டத்த தொட்டுடுச்சி, வெட்டுப்பா அப்டின்னுது. எல்லாரும் எங் கையவே பாக்கறாங்கோ.

அங்க வெச்சிட்டுப் போம்மான்னேன். போன் வரும்னேன்.

வெக்கல அது. நீட்டிகினே நிக்குது. கெஞ்சுது. அப்பா, அம்மாப்பா, அம்மாப்பான்னு அதையே சொல்லுது. எனக்குத் தெரியாதா சார் அது அம்மான்னு? எம் பொஞ்சாதி சார் அது. நான் போன காதுல வெச்சிகினு இருந்தேன். உள்ள சத்தமே இல்ல. சுகன்யா மம்மட்டிய இந்த ரூம் செவுத்துல சாச்சி வெச்சிட்டுப் போயி ஊரோட நின்னுகிச்சி.

ஒண்ணு சொல்லணும். அத்தினி பேரு. நான் ஒருத்தன், வயசானவன், கையில ஒரு விசிலு. என்ன ஒரு தள்ளு தள்ளிட்டு வெட்டியிருக்கலாம். வெட்டல. எவனும் வெட்டல. மொத வெட்டு நான் போடணும்னு நின்னாங்கோ. மழையில, மம்மட்டிய ஊனிகினு, ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துகினு நின்னாங்கோ. நாகூரான் ஒரு தபா மம்மட்டிய தூக்குனான். பக்கத்துல இருந்தவனே கையப் புடிச்சிகினான், வாணாம்டா, ஒனக்குக் கொழந்தைங்க கீதுன்னு. அவனும் எறக்கிட்டான். நான் போனுக்கு நிக்கறேன், அவங்கோ எனக்கு நிக்கறாங்கோ. எங்க வூட்டு மேல ஊருக்கு எவ்ளோ மருவாத பாரு சார். அத்த நெனச்சா இப்பவும் ஒரு மாதிரி பெருமையாத்தான் கீது. நெஜமா.

அப்பால கீழேர்ந்து ஒரு சத்தம். செவுரு வுழுந்துருச்சின்னு. எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுனாங்கோ. எங்க வூடில்ல, எங்க பக்கத்து வூட்டு செவுரு, எங்க பக்கமா சாஞ்சிருக்குது. தேசம்மாவ கட்டிலோட தூக்கி பைபர் போட்ல வெச்சி, தெருவுல தள்ளிகினு, இங்கதான் கொண்டாந்தாங்கோ. இதான மேடு. புயல் அன்னிக்கி பார்க்குக்குள்ள யாரையும் வுடக் கூடாதுன்னு ரூலு. நான் கேட்ட தொறந்து வுட்டேன் சார். எல்லாரையும் வுட்டேன், நாயி, ஆடு எல்லாம். அத்த எவனாவது சொல்றானா? சொல்ல மாட்டான். வெட்டாததத்தான் சொல்வான்.

தேசம்மாவ இந்த ரூம்லதான் படுக்க வெச்சோம். நீ குந்திகினு கீறியே, அங்க. மார் வரைக்கும் நனஞ்சி போச்சு. மாத்தறதுக்கு காஞ்ச துணி எவங்கிட்ட கீது? என்னோட இன்னொரு யூனிபாரம் சட்ட மாட்டி வெச்சிருந்தேன், அத்த போத்தி வுட்டேன். கைய தேச்சி வுட்டேன். சில்லுனு கீது. ஆம்புலன்ஸ் வர வழியில்ல. கண்ணத் தொறந்து செவுத்தப் பாத்துகினு இருந்துச்சி. கொழறிக் கொழறி ஏதோ கேட்டுச்சி. காத குடுத்துக் கேட்டேன். மம்மட்டி எங்கன்னு கேட்டுச்சி. பத்திரமா கீதும்மா, பாரு, அதோன்னு காட்னேன். பாத்துச்சி. அப்பால ஒண்ணும் கேக்கல.

விடிஞ்சி கரெண்டு வந்துச்சி, டவரு வந்துச்சி. பிரதாப் சாரு கூப்ட்டாரு. பாளையம், ஷட்டரத் தூக்குன்னாரு. பட்டனத் தட்னேன். தூக்கிகிச்சு. சோத்து வேளைக்குள்ள குப்பத்துல தண்ணி இல்ல. சொன்ன மாதிரியே வேல செஞ்சிது. மெஷின குத்தம் சொல்ல முடியாது.

தேசம்மா ஆஸ்பத்திரியில நாலஞ்சி நாள் இருந்துச்சி, அப்பால போய்டுச்சி. தண்ணியில சாகல சார். அத்த தெளிவா சொல்லிடறேன், குப்பத்துல வேற மாதிரி சொல்வாங்கோ. நெஞ்சுல சளி கட்டிகிச்சு. நிமோனியான்னு டாக்டரே சொன்னாரு. படுத்துகினே இருக்கறவங்களுக்கு வர்றதுதான், எப்ப வேணா வரும்னாரு. எனக்கு அழுவ வரல. எல்லாரும் பாத்தாங்கோ, அழுவானான்னு. வரல. இன்னிக்கி வரைக்கும் வரல. காரியம் முடிஞ்ச மறுநாளு டூட்டிக்கு வந்துட்டேன். வூட்டுல இருந்து இன்னா பண்ணப் போறேன்?

அப்பால கொஞ்ச நாள்ல பெரிய விழா எடுத்தாங்கோ. எந்த ஊர்லயோ இந்தக் கரைக்கு கேடயம் குடுத்துக்கீறாங்கோ. புயல்ல கடல் உள்ள வரலயே, அதுக்கு. பிரதாப் சாரு மேடையில எம் பேரச் சொன்னாரு. ஊரே வந்து நின்னாலும் ஒரு புடி மண்ண நோண்ட வுடாத மனுசன் அப்டின்னு. எல்லாரும் கை தட்னாங்கோ. எனக்கு ஒரு ரெயின்கோட்டு குடுத்தாங்கோ. அதோ ஆணியில தொங்குது. நல்ல துணி. நீ போறப்போ வேணா போட்டுகினு போ, நாளைக்கி வந்து குடு. நான் போடறதில்ல. இன்னான்னு தெரியல, போட்டா மூச்சு முட்டுது.

அன்னிலேர்ந்து இதான் கதை. கண்ணாலத்துக்கு பத்திரிக்க வெக்க மாட்டேங்கறாங்கோ. டீக்கடையில நான் போனா பேச்சு நின்னுடுது. பேசலன்னா போ, எனக்கு இன்னா. காலையில வரேன், கேட்ட தொறக்கறேன், செடிக்கி தண்ணி ஊத்தறேன், புல்லுல ஏறுனா விசில் ஊதறேன், சாயங்காலம் பூட்டறேன். வூட்டுக்குப் போயி லைட்டு போட மாட்டேன். எதுக்கு லைட்டு? கட்டில் அப்டியே கீது, கல்லு வெச்ச மாதிரியே. எறக்கணும். எறக்கல.

என்ன மன்னிப்பு கேக்கச் சொல்லி ஆளனுப்புச்சி சுகன்யா. எதுக்கு கேக்கணும்? சொல்லு. ஆர்டரு இல்ல, கரெண்டு இல்ல, டவரு இல்ல. நான் எங்க வரேன் இதுல?

மழ ஏறுதே. விடியக்காலையில புடிச்சிது, வுட்ட பாடில்ல. ஓடயப் பாத்தியா, குப்பத்து மொத சந்து முழுவிடுச்சு. காலையில கடலும் கொஞ்சம் ஏறுச்சு, ஷட்டர எறக்கச் சொன்னாரு, எறக்கிட்டேன். இப்ப கடலு எறங்கிடுச்சி. கரெண்டுதான் இல்ல. ஜெனரேட்டர் வாங்கறோம்னு சொல்லிக்கீறாங்கோ, வரும். பிரதாப் சாருக்குத்தான் போட்டுகினே கீறேன். நீ இருக்கறியே, ஒம் போன்ல டவரு காட்டுதா பாரு. இல்லையா? சரி. எனக்கும் இல்ல.

சோறு இன்னும் காணோம். இவ்ளோ லேட்டு பண்ணாது அது. மழையில எப்டி வரும், பாவம்.

அதோ, படியில யாரோ வராங்கோ. சுகன்யாதான். நட பாரு, அப்டியே அவங்கம்மா. பின்னால நாகூரான். இன்னும் ஆளுங்க வராங்கோ. எல்லாருமே வராங்கோ. கையில... ம். தெரியுது, தெரியுது. குந்து சார், நீ குந்து. உனக்கு ஒண்ணும் இல்ல.

கேரியரக் காணோமே கையில. தல ஈரமா கீது. மழ ஈரம் இல்ல சார் அது, மூஞ்சியில மணலு ஒட்டிகினு கீது பாரு. கரை முனைய சுத்திப் போயி கடல்ல முங்கிட்டு வருது. பொம்பளப் புள்ள, கட்டிக் குடுத்த புள்ள, அது முங்கக் கூடாது சார். எங்க வூட்டுல இந்த மாதிரி நடந்ததே இல்ல.

கொக்கியாண்ட நிக்கல. நேரா இங்கதான் வருது. நகரு சார். வழி வுடு.

வாம்மா. சோறு... போன் இன்னும் வரல சுகன்யா, நான் போட்டுகினுதான்...

பாத்தியா சார்? கேட்டியா? தள்ளிக்கப்பான்னுது. அப்பான்னு சொல்லுச்சு. ஒரு வருசமாவுது. தள்ளிக்கப்பா. உங் காதுலயும் வுழுந்துச்சில்ல?

எடுத்துகினு போய்டுச்சு மம்மட்டிய.

சறுக்கு மரத்தாண்ட போறாங்கோ. புல்லு மேல ஏறிட்டாங்கோ. சேத்துக் காலோட. விசில் ஊதணும். இரு. கழுத்துலதான் தொங்குது. வாயில வெச்சிட்டேன். காத்து வர மாட்டேங்குது சார்.

யாரும் தடுக்கல பாரு. நாகூரான் கூட தடுக்கல. வெலகி நிக்கறாங்கோ அதுக்கு. கடலப் பாத்து இன்னாவோ சொல்லுது. ஓங்கிடுச்சு.

வெட்டிடுச்சு சார்.

ஆனா மொறை தப்பு. மம்மட்டிய வூட்டு ஆளு ஒருத்தர் எடுத்துக் குடுக்கணும், தானா எடுக்கக் கூடாது. நான்தான் இங்கயே நின்னுகினு இருந்தேனே, கை எட்டற தூரத்துல. ஒரு வார்த்த கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேன். கேக்கல சார்.